மிஷின் சத்தம் கேட்ட பிறகு விதைத்த உளுந்து

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரை மாதம், பால் சொசைட்டிக் கொட்டகையில், ஊர் ஜனம் முழுக்க உட்கார்ந்திருந்தபோது, உன் அம்மா சோதனை வயலில் கள்ளத்தனம் செய்துவிட்டாள் என்று நீ சொன்னாய். தன் யோசனை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக ஒரு பாத்தியில் கூடுதலாக விதை போட்டுவிட்டாள், அதனால் அந்த வயலைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று சொன்னாய். அப்படி ஒன்று நடக்கவில்லை. வயலை நீக்கியது சரி. நீக்கியதற்கு நீ சொன்ன காரணம் பொய். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளும் அளவுக்கு உன்னைப் படிக்க வைத்திருக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. நீ பேசியது ஊர் நடுவில். என் பதிலும் ஊர் நடுவில்தான் இருக்க வேண்டும். ஒரு பிரதி உனக்கு வருகிறது, இன்னொன்று சொசைட்டிச் சுவரில் பால் விலைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டப்படும். வருகிற ஆனியில் நீ வடக்கே வேலைக்குக் கிளம்புகிறாய். அதற்கு முன்னால் உன் ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கல்லூரியில் கொடுக்க வேண்டும், நம் பக்கத்து விவசாயிகளுக்காக நீ எழுதும் துண்டுப் பிரசுரமும் அச்சுக்குப் போக வேண்டும் என்று உன் அப்பா சொன்னார். அதில் உளுந்து விதைப்பைப் பற்றி என்ன அச்சாகிறதோ அதைத்தான் காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஜனங்கள் நம்பிச் செய்வார்கள். அது தப்பாக அச்சாகக் கூடாது. எனக்கு இருக்கிற அவசரம் அதுதான். என் கோபம் இரண்டு வருஷம் காத்திருந்தது, இன்னும் நாலு நாள்கூடக் காத்திருக்கும்.

நம் ஊரைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். சம்பா நெல் தையில் அறுப்புக்கு வரும். நெல் வயலில் நிற்கும்போதே, மண் மெழுகு மாதிரி இருக்கிற பதத்தில், உளுந்தை உள்ளே தெளித்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. நெல்லுக்குப் பாய்ந்த ஈரத்திலும் இரவுப் பனியிலும் உளுந்து விளைந்துவிடும். அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தெளிக்க வேண்டும் என்பது கணக்கு. ஆள் வைத்து அறுத்த காலத்தில் அந்தக் கணக்கு சரி, ஏனென்றால் அறுப்பு என்றைக்கு என்பது நம் கையில் இருந்தது. இப்போது பெல்ட் வைத்த அறுவடை மிஷின் வருகிறது. அது செவ்வாய்க்கிழமை வரும் என்றால் வெள்ளிக்கிழமை வரும், சில வருஷம் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வரும். வருகிற நாளே தெரியாதபோது அதற்குப் பத்து நாள் முன்னால் என்பது எந்த நாள்? முளைத்து இரண்டு இலை விட்டு நிற்கிற உளுந்தின் மேல் அந்த பெல்ட் ஏறி இறங்கினால், வயல் நெடுக ரயில் தண்டவாளம் போட்ட மாதிரி இரண்டு இரண்டு கோடாக மொட்டையாகிவிடும். இதை எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் மிஷினைத் திட்டினார்கள், மறு வருஷமும் பத்து நாள் முன்னாலேயே தெளித்தார்கள்.

நீ எட்டாவது படிக்கிறபோது உன் அப்பா நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலைக்குப் போகிற வழியில் கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்து கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு நாள் நான் அங்கே தரையில் படுத்திருந்தேன். நிலம் என் பொறுப்பு, ஆலை அவர் பொறுப்பு என்பது கல்யாணமான வருஷத்திலிருந்தே எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. ஆக நான் இல்லாததால் அந்த வருஷம் உளுந்து தெளிக்க ஆள் இல்லை. ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், பக்கத்து வயலில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்தது நம் வயல் என்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு விதைக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மிஷினுக்கு முன்னால் நெல்லுக்குள் நடந்துகொண்டே வீசினேன். ஓட்டியவர் லால்பேட்டை சலீம் பாய். மிஷின் அவருடையது, ஓட்டுவதும் அவரேதான். எனக்கு அவர் தம்பி மாதிரி என்பதெல்லாம் பிற்பாடு, அன்றைக்குத்தான் முதல் சண்டை.

"யக்கா, ஓரமாப் போங்கக்கா. அறுக்கறது நெல்லா ஆளான்னே தெரியல எனக்கு."

"நீ உன் வேலயப் பாரு பாய். நா முன்னாடி போறேன், நீ பின்னாடி வா."

"என்னாக்கா இது, கல்யாண ஊர்வலமா? நானென்ன பேண்டு வாசிச்சிகிட்டா வர்றேன்?"

வரப்பில் நின்ற உன் சித்தப்பா தன் பங்குக்கு, "அண்ணி, வெதையப் போட்டு மேல வண்டிய ஏத்தி நசுக்கற வெவசாயத்த எந்த ரேடியோவுல கேட்டீங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அது வீண் விதை என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்த கைக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த மாசியில் நம் வயலில் மொட்டைக் கோடு இல்லை. குனிந்து பார்த்தேன். பெல்ட் போன தடத்தில்தான் செடி நன்றாக ஊன்றி நின்றது. உலர்ந்த விதையை பெல்ட் நசுக்கவில்லை, ஈரமண்ணுக்குள் அழுத்திவிட்டுப் போயிருக்கிறது. முளைத்த பயிர் என்றால் ஒடியும், முளைக்காத விதைக்கு ஒன்றும் ஆகாது. இதை நான் சொன்னபோது ஊரில் யாரும் கேட்கவில்லை. ஒரு தடவை அதிர்ஷ்டம் அடித்தது என்றார்கள்.

அதே மாசியில் உன்னை அடித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தினமும் வயலில் பத்துச் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வரிசையாகப் பிடுங்கிப் போட்ட செடியைப் பார்த்ததும் எனக்குக் கண் இருண்டுவிட்டது. கருவேலங்குச்சி எடுத்து விளாசினேன். ஏன் பிடுங்கினாய் என்று கேட்கவில்லை. நீ அழுதுகொண்டே, "வேர்ல முடிச்சு இருக்கும்மா, அத எண்ணினேன்" என்றாய். முடிச்சாவது மண்ணாவது என்று இன்னும் இரண்டு கொடுத்தேன். வேரில் இருக்கிற அந்த முடிச்சுதான் செடிக்குச் சத்துப் பிடித்துக் கொடுக்கிறது என்று பிறகு தெரிந்து, அடுத்த வருஷம் அதே இடத்தில் நான் உட்கார்ந்து செடியைப் பிடுங்கி முடிச்சு எண்ணினேன். நீ பள்ளிக்கூடத்தில் எழுதி மிச்சம் வைத்த நோட்டுகளில், பின்பக்கத்திலிருந்து, என்றைக்கு விதைத்தேன், என்றைக்கு மிஷின் வந்தது, எந்தப் பக்கம் எப்படி முளைத்தது என்று எழுத ஆரம்பித்தது அப்போதுதான். ஐந்தாவதோடு நின்றவளுக்கு எழுத்துக்கூட்டி எழுதவே பாதி நாள் ஆனது. உன்னைக் கேட்காமல் அடித்தது என் தவறு. அதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ விவசாயப் படிப்பு முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, உளுந்து விதைப்பு நாளையே தலைப்பாக எடுத்துக்கொண்டு வந்தாய். நான்கு பேர் வயல், ஒவ்வொன்றிலும் நீளமாக மூன்று பாத்தி. ஒன்றில் பழைய வழக்கப்படி அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் விதைப்பு, ஒன்றில் நீ படித்தபடி ஐந்து நாள் முன்னால், மூன்றாவதில் என் பேச்சைக் கேட்டு அன்றைக்குக் காலையில், மிஷினுக்கு முன்னால். அந்த மூன்றாவது பாத்தியைச் சேர்த்துக்கொண்டதற்காக உன்மேல் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. எந்தப் பாத்தியில் எது என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் போட வேண்டும் என்றாய். மற்ற மூன்று பேருக்கும் நீ அரை நாள் விளக்கினாய். எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. உன் தாத்தா நிலத்தைப் பாகம் பிரித்ததே சீட்டுக் குலுக்கித்தான். அப்போது நமக்கு விழுந்தது கடைசிப் பள்ளம். யாருக்கும் யார்மேலும் சந்தேகம் வரக் கூடாது என்றால் சீட்டுதான் ஒரே வழி என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். நீ மிஷினுக்கு நாள் குறித்து, சலீம் பாயிடம் சத்தியம் வாங்காத குறையாகப் பேசியும், மிஷின் இரண்டு நாள் தாமதமாகத்தான் வந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். உன் பத்து நாள் பன்னிரண்டு ஆனது. உன் ஐந்து ஏழு ஆனது. என் 'அன்றைக்கு' அன்றைக்காகவே இருந்தது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது வரப்பில் நின்று, "அம்மா, இனிமே எந்தப் பாத்திலயும் நீ கை வைக்கக் கூடாது, தெரிதா?" என்றாய். தெரியும் என்றேன். தெரிந்ததைத்தான் செய்ய முடியவில்லை. பத்து நாள் பாத்தியில் பெல்ட் தடம் இரண்டும் மொட்டையாகக் கிடந்தது. தினமும் அந்த வரப்பு வழியாகத்தான் நடக்கிறேன். எட்டு நாள் பொறுத்தேன். ஒன்பதாவது நாள் ஒரு படி உளுந்தை ஊறவைத்து எடுத்துப்போய், விரலால் குழி குத்தி, தடம் நெடுக நட்டுவிட்டேன். நீ கை வைக்கக் கூடாது என்றது நன்றாக நிற்கிற பாத்திக்குத்தான், நோஞ்சானாக நிற்கிறதற்கு உதவி செய்வதை யார் தப்பு என்பார்கள் என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து நாள் பாத்தி என் எதிரிப் பாத்தி. அது தோற்றால் எனக்குத்தான் பெருமை. இருந்தும் அது வெறும் தரையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகவில்லை. முப்பது வருஷமாகப் பொக்கை விழுந்த இடத்தையெல்லாம் நிரப்பி நிரப்பியே பழகிய கை இது.

ஆக நான் கை வைத்தேன். உன் சோதனையைக் கெடுத்தேன். அது குற்றம்தான். ஆனால் எந்தப் பாத்தியில் என்று பார்.

நீ வந்து வரப்பில் கிடந்த ஈர விதைப் பையைப் பார்த்தாய். வரப்பு நெடுக என் காலடித் தடத்தைப் பார்த்தாய். அன்றைக்கு விதைத்த பாத்தி மற்ற இரண்டையும்விடத் தளதளவென்று நிற்பதைப் பார்த்தாய். முகம் கறுத்துப்போய் என்னிடம் வந்தாய்.

"அம்மா, பாத்தில கை வச்சியா?"

"வச்சேன்."

அவ்வளவுதான் நமக்குள் நடந்த விசாரணை. எந்தப் பாத்தியில் என்று நீ கேட்கவில்லை. நீ கேட்காததை நானாகச் சொல்லவில்லை. நீ பார்த்த பார்வையிலேயே என்ன நினைக்கிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இவன் என்னை இப்படி நினைக்க முடிகிறதென்றால் நினைத்துக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் இரண்டாவது குற்றம். முதல் குற்றம் ஒரு படி உளுந்து. இரண்டாவதுதான் பெரிது.

பிறகு கொட்டகையில் கூட்டம். முடிவைச் சொல்ல எழுந்தாய். மூன்று வயலைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நாலாவது வயல் டேட்டாவ எடுத்துக்கல. தான் சொன்னது ஜெயிக்கணும்னு ஃபார்மரே எக்ஸ்ட்ரா வெத போட்டுட்டாங்க" என்றாய். பின்னாலிருந்து ஒரு பெண், "யாரு தம்பி அந்த ஃபார்மரு?" என்று கேட்டாள். நீ தண்ணீர் குடித்தாய். உன் சித்தப்பா விடுவாரா? "அண்ணி, உங்களத்தான் சொல்றான். எழுந்து நில்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். கொட்டகை சிரித்தது. நான் எழுந்து நின்றேன். நின்று, புடவையை உதறிக்கொண்டு, வெளியே நடந்தேன். மற்ற மூன்று வயலிலும் அன்றைக்கு விதைத்ததுதான் கொஞ்சம் முந்தியிருந்தது என்பதையும் நீ சொன்னாய். ஆனால் மூன்று வயல் போதாது, ஒரு வருஷம் போதாது, அதனால் ஐந்து நாள் கணக்கையே எழுதப் போகிறேன் என்றாய். அதை நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டேன். ஒரு வருஷம் போதாது என்ற அந்தச் சொல்லை மட்டும் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நீ போனில் "சாப்டியாம்மா" என்பாய், நான் "சாப்டேன்" என்பேன். தீபாவளிக்கு வருவாய், போவாய். வயல் பேச்சு வராது. உனக்கு நான் கோபமாக இருப்பதாகத் தோன்றியிருக்கும். கோபம் இருந்தது. ஆனால் பேசாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. நான் வேலையாக இருந்தேன்.

அந்த வருஷமே உன் சித்தப்பாவிடம் போனேன். "உங்க வயலக் குடுங்க. நீங்களே காவல் இருங்க. நா தோத்தா அதே கொட்டகையில நின்னு சொல்றேன்" என்றேன். அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும். "அண்ணி, சொன்ன சொல்லு மாறக் கூடாது" என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டார். லால்பேட்டையில் சலீம் பாய்க்கு வீட்டுப் பக்கத்தில் வயல் இருக்கிறது, அதையும் கேட்டேன். நம்முடையது ஒன்று. மூன்று வயல், வயலுக்கு ஆறு பாத்தி, ஒவ்வொரு விதைப்பும் வயலில் இரண்டு தடவை வருகிற மாதிரி, எல்லாம் சீட்டுக் குலுக்கி. சீட்டை எடுத்தவர் உன் சித்தப்பா. விதையை அளந்து பொட்டலம் கட்டியவர் சலீம் பாயின் மனைவி. நான் தெளிக்கக்கூட இல்லை. பாய் சொன்ன தேதியில் மிஷினோடு வந்து நின்றது அவர் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். "யக்கா, ஒங்களுக்காக மூணு பேருகிட்ட ஏச்சு வாங்கிட்டு வந்திருக்கேன். தோத்துட்டு மட்டும் என் மூஞ்சில முழிக்காதீங்க" என்றார்.

பத்து நாள் பாத்தியில் தடம் மொட்டையாகும் நேரம் வந்தது. என்னை எனக்குத் தெரியும். மிச்ச விதையையெல்லாம் உன் சித்தப்பா வீட்டில் கொடுத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, புடவை இரண்டை எடுத்துக்கொண்டு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உன் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். உன் சின்னம்மாவுக்கு ஒரே கவலை. "ஏன்க்கா, மாமாகூடச் சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இல்லடி, உளுந்தோட சண்டை" என்றேன். அவள் உன் அப்பாவுக்கு போன் போட்டு, அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தாள். பதினைந்து நாள். ஒரு நாள் என்னைத் திருவந்திபுரம் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கெடிலத்துக் கரையில் நின்றுகொண்டு, இந்நேரம் அந்தத் தடம் எப்படிக் கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் போகவில்லை. முப்பது வருஷத்தில் நான் செய்த கஷ்டமான விவசாய வேலை அதுதான், வயலுக்குப் போகாமல் இருந்தது. நீ வரப்பில் நின்று கை வைக்கக் கூடாது என்று ஒரே வரியில் சொன்னாயே, அது எவ்வளவு பெரிய சொல் என்று அந்தப் பதினைந்து நாளில்தான் எனக்குத் தெரிந்தது. உன்னுடைய மூன்று வயலும் நேர்மையாக நின்றதற்கு அந்த மூன்று பேரும் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்றும் தெரிந்தது.

பங்குனிக் கடைசியில் பிடுங்கிக் காயவைத்து, பாத்தி பாத்தியாகத் தனித்தனியாக அடித்து, சொசைட்டித் தராசைக் கொண்டுவந்து வைத்து நிறுத்தோம். எந்த மூட்டை எந்தப் பாத்தி என்று எனக்குத் தெரியக் கூடாது என்று உன் சித்தப்பா மூட்டையில் பெயர் எழுதாமல் வெறும் எண் போட்டு, சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் என்னைச் சந்தேகப்பட்டுச் செய்தார். உன் படிப்பில் அதைத்தான் ஒழுங்கு என்று சொல்வார்கள் என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். எல்லாம் நிறுத்து முடிந்து அவர் சீட்டைப் பிரித்தார். எடை கூடுதலாக இருந்த மூட்டை எண்களைப் படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து படித்தார். தன் வயலிலும் பாய் வயலிலும் நாலு இடத்திலும் அன்றைக்கு விதைத்ததுதான். நம் வயலில் மேட்டுப் பக்கமும் அதுதான். பள்ளத்துப் பக்கம் மட்டும் அது தோற்றது, அதுவும் மோசமாகத் தோற்றது. அங்கே தண்ணீர் வடியாத சேறு. பெல்ட் விதையை ஆழத்தில் புதைத்துவிட்டது, அழுகிவிட்டது. பாகத்தில் எனக்கு வந்த பள்ளம் எனக்கே எதிராகச் சாட்சி சொன்னது. அதையும் நோட்டில் எழுதினேன், மற்றதை எழுதிய அதே அளவு எழுத்தில்.

உன் சித்தப்பா எழுந்து ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிப் பார்த்தார். தோற்றவர் முகம் பார்க்கலாம் என்று நானும் காத்திருந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆனாலும் அண்ணி, மூணு வயல்ல என் வயலுதான் ஜாஸ்தி" என்றார். அன்றிலிருந்து இந்த ஊரில் இதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். டீக்கடையில் அவர் விளக்குவதைக் கேட்டால் மிஷினுக்கு முன்னால் விதைக்கூடையோடு ஓடியது அவர் என்றே நினைப்பாய். நான் மறுக்கவில்லை. அவர் சொல்லித்தான் பாதிப் பேர் கேட்டார்கள்.

ஒரு வருஷம் போதாது என்றாய். இந்தத் தையிலும் அதே மூன்று வயலில் மறுபடி சீட்டுக் குலுக்கினோம், மறுபடி நான் கடலூருக்குப் போனேன். மேட்டில் ஜெயித்தது, பள்ளத்தில் தோற்றது, போன வருஷம் மாதிரியே. ஆனால் இந்தத் தையில் வேறொன்றும் நடந்தது. சோதனைக்குச் சேராத ஜனங்களும் பத்து நாள் முன்னால் தெளிக்கவில்லை. சலீம் பாய் ஒரு வயலை முடிக்கப்போகும்போது நீளமாக ஆரன் அடிப்பார். அடுத்த வயல்காரர் கூடையோடு இறங்கிவிடுவார். நான் கடலூருக்குக் கிளம்புகிற அன்று காலையில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வரப்பு வரப்பாக ஆண்களும் பெண்களும் இடுப்பில் விதைக்கூடையை வைத்துக்கொண்டு மிஷின் இருக்கிற பக்கம் காதைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அது போதும். பக்கத்து சீட்டில் இருந்தவர் ஏம்மா தானாகச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்.

தம்பி, நீ என்னைவிட நூறு மடங்கு படித்தவன். உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நீ கேட்கிற கேள்விக்கு உனக்கு ஏற்கெனவே தெரிந்த பதில் வந்தால், அதோடு எழுந்துவிடாதே. உட்கார்ந்து இன்னொன்று கேள். எந்தப் பாத்தியில் என்று அன்றைக்கு நீ கேட்டிருந்தால் இரண்டு வருஷத்துக்கு முன்பே உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். என் கை உன் பத்து நாள் பாத்திக்கு உதவியும் அது தோற்றது என்றால், என் பாத்தி எவ்வளவு தெம்பாக ஜெயித்திருக்கிறது என்றும் கணக்குப் போட்டிருப்பாய். நீ போகிற ஊரில் மொழி தெரியாத வயல்காரர்களிடம் கேட்கப் போகிறாய். அவர்களும் வைராக்கியக்காரர்களாக இருப்பார்கள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். துண்டுப் பிரசுரத்தை நீ இப்போதே நிறுத்தி வைக்க வேண்டும். பெல்ட் மிஷின் அறுப்பு என்றால் மேட்டு வயலில் அன்றைக்கே, மிஷினுக்கு முன்னால் விதைக்கலாம் என்று அதில் சேர்க்க வேண்டும். தண்ணீர் வடியாத பள்ளத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்பதை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். அது விடுபட்டால் பள்ளத்து ஜனத்தின் விதை நாசமாகும், அந்தப் பாவம் நம் இருவருக்கும். உன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் நாலாவது வயலை நீக்கியது நீக்கியதாகவே இருக்கட்டும். பத்து நாள் பாத்தியில் விவசாயி பொக்கை நிரப்பிவிட்டார் என்று உண்மைக் காரணத்தை எழுத வேண்டும். என் இரண்டு வருஷ நோட்டுகளை உன் பேராசிரியரிடம் நீ நேரில் கொடுக்க வேண்டும். அவர் தப்புக் கண்டுபிடித்தால் எனக்கு எழுதச் சொல், நான் பதில் எழுதுகிறேன். உன் சித்தப்பா மூட்டைச் சீட்டுகளை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அவற்றை என் நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சலீம் பாய் எந்த வயலுக்கு எந்த நாள் மிஷின் போனது என்று அடுத்த தையிலிருந்து எழுதிவைக்க வேண்டும். விவசாய ஆபீசில் இருக்கிறவர்கள் தங்களுக்குத் தோதான நாளில் வராமல், மிஷின் வருகிற நாளில் வந்து பார்க்க வேண்டும். உன் அப்பா கொட்டகைக்கு மைக் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீ அங்கே இருக்க வேண்டும். முதலில் எழுந்து நிற்க வேண்டியது நான். ஊறவைத்த ஒரு படி உளுந்தைப் பற்றியும், நீ கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டதைப் பற்றியும் எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொல்ல வேண்டும். நான் பேசி முடிக்கும்வரை நீ குறுக்கே வரக் கூடாது. நான் உட்கார்ந்த பிறகு நீ எழுந்திருக்க வேண்டும்.